அம்மா கப்பலுக்குக் கட்டிய சாப்பாடு

அப்பாவிடம் ஒரு வேலையைச் சொன்னால் முக்கால்வாசி முடித்துக்கொண்டு வருவார். மீதிக் கால்வாசியில்தான் அந்த வேலையின் உயிரே இருக்கும். எண்பதுகளின் கடைசியில், ஒரு போகிப் பண்டிகை அன்று மாமா போன் செய்தபோதும் அதுதான் நடந்தது.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை. மூன்று வருஷமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. கடிதத்தில் முத்திரைதான் மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே ‘நான் நலம்’ என்பது மட்டும் மாறாது. எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடை நம்பரைத்தான் உலகத்துக்கெல்லாம் கொடுத்து வைத்திருந்தோம். கடைக்காரர் குரல் கொடுத்ததும் அப்பா கட்டிய லுங்கியோடு ஓடிப்போய்ப் பேசிவிட்டு, பெரிய காரியம் முடித்தவர் மாதிரி திரும்பி வந்தார்.

“கொழும்புலேர்ந்து பேசினான். கப்பல் மெட்ராஸ் வருதாம். பொங்கலன்னிக்கு வந்து, காணும் பொங்கலன்னிக்கு சாயங்காலம் கிளம்பிடுமாம். ஆளை இறங்க விட மாட்டாங்களாம்.”

அம்மாவின் முகம் மலர்ந்து, உடனே வாடியது. அப்பா விரலை உயர்த்தினார்.

“இரு, இரு. நாமதான் லாஞ்சுல போறோமே! அதையும் சொல்லிட்டேன். அன்னிக்குப் பகல்ல கப்பலோட பின்பக்கமா நிப்பானாம். வெள்ளைச் சட்டை, தலையில துண்டு.”

அந்த வருஷம் துறைமுகத்துத் தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து, காணும் பொங்கலுக்குத் தங்கள் குடும்பங்களையும் வேண்டியவர்களையும் லாஞ்சு என்கிற மோட்டார் படகில் ஏற்றித் துறைமுகத்தைச் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் எங்களுக்கும் இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். எனக்கு அதில் கடுப்புதான். என் கிளாஸ் பெண்கள் எல்லாரும் வண்டலூருக்குப் புலி பார்க்கப் போகிறார்கள், நான் மட்டும் கிரேன் பார்க்கப் போக வேண்டுமா? ஆனால் மாமா அங்கே நிற்கப்போகிறார் என்றதும் புலியை மறந்துவிட்டேன்.

“கப்பல் பேரு என்ன?” என்று கேட்டாள் அம்மா.

அப்பா யோசித்தார். “கறுப்புக் கப்பலாம். அடியில சிவப்பாம்.”

“பேரு?”

“அட, துறைமுகத்துல போய்க் கேட்டா சொல்ல மாட்டானா!”

மாட்டுப் பொங்கலன்று காலையில் அம்மா வழக்கம்போலக் கணு வைத்தாள். கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டுமென்று மஞ்சள் சாதமும் சிவப்புச் சாதமும் உருண்டை பிடித்து, மொட்டைமாடியில் மஞ்சள் இலையில் காக்காய்க்கு வைப்பது. கடைசி உருண்டையை வைத்துவிட்டுக் காக்காயையே முறைத்துப் பார்த்தாள்.

“வருஷா வருஷம் அவன் பேரைச் சொல்லி உங்களுக்குப் போட்டுட்டேன். நாளைக்கு அவனுக்கே நேராப் போடப் போறேன். என் கண்ணு முன்னால அவன் ஒரு வாய் சாப்பிடணும், அவ்வளவுதான்.”

மறுநாள் விடியும்போது வீடு முழுக்கப் பெருங்காய வாசனை. புளியோதரை, தேங்காய் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று நாலடுக்குக் கேரியர் நிரம்பியது. எங்களுக்கு? “நீங்க வந்து சாப்பிட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டாள். தம்பி விஷயத்தில் அம்மாவிடம் நியாயம் பேசிப் பிரயோஜனமில்லை.

தாம்பரம் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரம் முழுக்க வண்டலூர் போகும் கூட்டம். நாங்கள் பீச் வண்டியில் நசுங்கிக்கொண்டு போனோம். கிண்டியில் பாம்புப் பண்ணைக் கூட்டம் இறங்கியதும்தான் மூச்சு வந்தது. அதுவரை அம்மா கேரியரைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தாள். அதனால் ஒருவர் எழுந்து இடம்கூடக் கொடுத்தார்.

லாஞ்சைப் பார்த்ததும் என் கடுப்பெல்லாம் போயே போயிற்று. முன்பக்கம் இரண்டு முழுக் கரும்பு கட்டியிருந்தார்கள். சுற்றிலும் மாவிலைத் தோரணம், கலர் காகிதம். மேலே ஒரு ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு காதைப் பிளந்தது. புதுப் புடவையும் புதுச் சட்டையுமாக ஒரு கல்யாணப் பந்திக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஜனத்துக்கு வண்டி நகர்ந்தாலே பசிக்கும். லாஞ்சு கரையை விட்டதும் பொட்டலங்கள் பிரிந்தன.

கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தேன். நாம் தினம் இடிபட்டு மிதிபடும் மெட்ராஸா இது என்று இருந்தது. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்கள் வெயிலில் குளித்துக்கொண்டு நின்றன. பஸ் சத்தம் இல்லை, ஹாரன் இல்லை. தண்ணீரில் எண்ணெய் கலந்து ஏழு நிறம் காட்டியது. காற்று என் தாவணியைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அப்பாவும் சிரித்தார். அம்மா மட்டும் ஊரையே பார்க்கவில்லை, நேராக லாஞ்சு ஓட்டுகிறவரிடம் போய் நின்றாள். சாரங்கு என்று அவரைக் கூப்பிட்டார்கள். காக்கி டவுசரும் நரைத்த மீசையுமாக இருந்தார்.

“அண்ணா, கறுப்புக் கப்பல், அடியில சிவப்பு. அது எங்க நிக்குது?”

சாரங்கு அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாம்மா நீ, இங்க நிக்கிறதுல பாதி கறுப்பு, சிவப்புதான். பேரு இன்னா?”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடல் பறவைகளைப் பார்த்தார்.

அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா வாயைத் திறந்தாள். பம்மலிலிருந்து வந்தவள். மடியில் பெரிய அலுமினியத் தூக்கு, தலை நிறைய கனகாம்பரம். “இன்னாக்கா, தம்பியத் தேடறியா? சொல்ல வேணாமா? எனக்கும் மூணு தம்பிங்க கீறானுங்கோ, கூவிக் கூவிப் பழக்கம். நீ சும்மா குந்து, நான் கூவறேன்!”

அம்மாடி, என்ன குரல்! முதல் கறுப்புக் கப்பலின் அருகில் போனதும் எழுந்து நின்று “தம்பீ! உங்கக்கா வந்துகீது!” என்று ஒரு குரல் விட்டாள். ஸ்பீக்கர் வெட்கப்பட்டிருக்க வேண்டும், ஆபரேட்டர் அதை அணைத்தேவிட்டார். மேலேயிருந்து நாலைந்து வெளிநாட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துக் கையாட்டினார்கள். மாமா இல்லை. இரண்டாவது கப்பலுக்குள் விஷயம் லாஞ்சு முழுக்கப் பரவிவிட்டது. பெரியவர்கள் “தம்பீ” என்றார்கள், சின்னதுகள் “மாமா” என்று கத்தின. என் மாமாவை ஊரே மாமா என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தித் தீர்த்தேன். இரண்டாவது கப்பலிலும் மாமா இல்லை.

மூன்றாவதன் பின்பக்கத்தில் ஓர் ஆள் சாய்ந்து நின்றான். வெள்ளைச் சட்டை. தலையில் துண்டு.

“அதோ! அவன்தான்!” அம்மாவின் குரல் உடைந்தது. “நிக்கிற நிலையைப் பாரு, அதே கூனல்! எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நிமிர்ந்து நில்லுடான்னு!”

சாரங்கு மசியவில்லை. “பாத்தாச்சில்ல? மேல ஒண்ணும் ஏத்தக் கூடாதும்மா. கஸ்டம்ஸ்காரன் பாத்தான்னா எனக்குப் பேஜாராப் பூடும்.”

“நல்ல நாளும் அதுவுமா அக்கா தம்பியப் பிரிக்காதண்ணா” என்றாள் பம்மல் அக்கா. “சோறுதானே, வெடிகுண்டா வெச்சுகீது?” லாஞ்சு முழுக்க அவளோடு சேர்ந்துகொண்டது. சாரங்கு தலையில் அடித்துக்கொண்டு கப்பலை ஒட்டி நிறுத்தினார். நாங்கள் கையால் சாப்பிடுவது போல ஜாடை காட்ட, மேலேயிருந்து கயிற்றில் ஒரு வாளி இறங்கியது. அப்பா கேரியரை அதில் வைத்தார். வாளி ஏறியது. அம்மா கைகூப்பிக்கொண்டு நின்றாள்.

கேரியரை எடுத்துக்கொண்ட ஆள் சந்தோஷத்தில் துண்டை உருவி ஆட்டினான். உள்ளே சோளக்கதிர் நார் மாதிரி மஞ்சள் முடி.

“தேங்க்யூ மம்மா!” என்று கத்தினான்.

“ஐயையோ, இவன் யாருங்க!” என்றாள் அம்மா.

திருப்பிக் கேட்பதற்குள் அவன் மூடியைத் திறந்து, புளியோதரையில் கைவிட்டு, ஒரு பிடி வாயில் போட்டு, காரம் தாங்காமல் குதித்து, இன்னொரு பிடியும் போட்டுவிட்டான். அப்பா ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்தார். “விடுங்க, எச்சில் பண்ணிட்டான்” என்று அம்மா தடுத்துவிட்டாள். எச்சிலான பிறகு அதைத் தம்பிக்குக் கொடுப்பாளா? காலி வாளியில் ஒரு வெளிநாட்டுச் சிகரெட் பெட்டி இறங்கி வந்தது. அப்பா அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டதை அம்மா பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

லாஞ்சே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை. அம்மா மட்டும் வெறும் கையோடு உட்கார்ந்துவிட்டாள். அவள் உதடு துடிப்பதைப் பார்த்த பிறகு என் சிரிப்பு நின்றுவிட்டது.

லாஞ்சு ஒரு திருப்பத்தில் வளைந்தது. அங்கே இன்னொரு கறுப்புக் கப்பல் நின்றது. யாரும் கூவுவதற்கு முன்னால் மேலேயிருந்தே குரல் வந்தது.

“அக்கா! ஏய் அக்கா! இங்க, இங்க பாரு!”

வெள்ளைச் சட்டையும் இல்லை, துண்டும் இல்லை. இஞ்சின் அறையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார். உடம்பெல்லாம் கரி, எண்ணெய். பல் மட்டும் வெளுப்பு. இடுப்பு வரை கம்பிக்கு வெளியே தொங்கிக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டினார். இந்தத் தடவை சந்தேகமே இல்லை, அது என் மாமாதான். லாஞ்சு “தம்பீ!” என்று அலறியது. அம்மா கண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். கடைசியில் வந்தது ஒரே கேள்வி.

“சாப்பிட்டியாடா?”

“எங்கேக்கா சாப்பிட்டேன்! உன் கைச் சாப்பாடு வரும்னு காலைலேர்ந்து பட்டினி!”

லாஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். எல்லாம் கரையைத் தாண்டும்போதே காலி. கூவுவதற்காகச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்ட பம்மல் அக்காவின் தூக்கு மட்டும்தான் பிரிக்காமல் இருந்தது. அவள் அதைத் தூக்கினாள். பிறகு தயங்கினாள். அம்மாவின் நெற்றியில் விபூதியைப் பார்த்திருப்பாள்.

“அக்கா, இது கறிக்குழம்பு. ஆட்டுக்கறி. பரவால்லியா?”

எங்கள் வீட்டில் முட்டைகூட வாசல்படி தாண்டியதில்லை. கேக்கில் முட்டை இருக்கிறதென்று என் பிறந்தநாளுக்குக் கேக்கே கிடையாது, ரவாகேசரிதான். ஒரு தடவை கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் அசைவக் கதை பேசினார் என்று பாதியில் எழுந்து வந்தவள் அம்மா. அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அம்மா மேலே பார்த்தாள். அங்கே அவள் தம்பி பசியோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

“குடு” என்றாள்.

சாரங்கு இஞ்சினைக் குறைத்தார். மாமா கயிறு விட்டார். அம்மா தன் கையாலேயே தூக்கின் பிடியில் முடிச்சுப் போட்டாள். அது ஆடி ஆடி மேலே போயிற்று. மாமா மூடியைத் திறந்தார், வாசனை பிடித்தார், அப்படியே சிலையாகிவிட்டார்.

“அக்கா... இதுல...”

“தெரியும்டா. சாப்பிடு.”

“இல்லக்கா, நான் இதெல்லாம்...”

“நடிக்காதடா! மூணு வருஷமா கப்பல்ல என்ன கீரையா ஆஞ்சு போட்டாங்க? சாப்பிடுன்னா சாப்பிடு, நான் பாக்கணும்!”

மாமா எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். வெட்கம் ஒரு வாயோடு போய்விட்டது. அடுத்தடுத்து அள்ளினார். அப்படியே எலும்பைக் கடித்தார். லாஞ்சு கைதட்டியது. பம்மல் அக்கா விசில் அடித்தாள். அம்மா, சத்தியமாக என் அம்மா, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, “இன்னொரு வாய்! இன்னொரு வாய் சாப்பிடுடா!” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

“எப்டிடா கீது?” என்று கீழேயிருந்து கேட்டாள் பம்மல் அக்கா.

மாமா வாய் நிறைய வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தார். “எங்கக்கா புளியோதரை மாதிரி வராது!”

“பொய் சொல்றான் பாரு, மூஞ்செல்லாம் குழம்பு!” என்றாள் பம்மல் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாதான் அதிகம் சிரித்தாள். சாரங்கு இதற்கு மேல் நிற்க முடியாது என்று லாஞ்சைத் திருப்பினார். மாமா ஒரு கையால் தூக்கை அணைத்துக்கொண்டு மறு கையை ஆட்டினார். உருவம் சின்னதாகி மறையும் வரை அம்மா நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு வந்து பம்மல் அக்காவை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்பாவையும் என்னையும் ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்து கேட்டாள்.

“ஏம்மா, அந்தக் குழம்புக்கு மொதல்ல எதை வதக்கணும்?”