ஏரிக்கரையில் அம்மாவின் நிச்சயப் படம்

கார்த்திகை மாதத்துக் கடைசி ஞாயிறு. காலை ஏழரை மணிக்குச் சேலம் பஸ் நிலையத்தில் ஏற்காடு பஸ்ஸில் ஏறினோம். ஜன்னலோரத்தை அம்மா எனக்கு விட்டுத்தந்தாள். "நீ பாத்துட்டு வா கண்ணு. நான் தெனமும் பாக்கற மலைதானே" என்றாள். மலைக் கிராமங்களுக்குச் செவிலியராக இரண்டு வருடங்களாக இதே பஸ்ஸில் போய்வருகிறவள் அவள்.

கோயம்புத்தூரில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். நிச்சயமான ஜோடிகளை அருவி, ஏரி, கடற்கரை என்று அழைத்துப்போய்ப் படம் எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அன்றைக்கும் அதற்காகத்தான் போனோம். மணப்பெண் என் அம்மா. வயது நாற்பத்தொன்பது.

அப்பா இறந்தபோது நான் ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். போன ஐப்பசியில் ஒரு நாள் போனில் அம்மா, கொட்டச்சேடு பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கும் முருகேசன் என்பவரைப் பற்றிச் சொன்னாள். காய்ச்சல் கண்ட தொழிலாளிகளை ஜீப்பில் ஏற்றி அம்மாவிடம் கொண்டுவருகிறவர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. "கோவிச்சுக்குவியா சாமி?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் என்ன வந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "நிச்சயத்துக்கு நான்தான் படம் எடுப்பேன்" என்று மட்டும் சொன்னேன்.

அடிவாரம் தாண்டியதும் வளைவுகள் தொடங்கின. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறியதும் மூங்கில் புதர்கள் குறைந்து, காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. கீழே சேலம் ஒரு வெள்ளைப் புகையாகக் கிடந்தது. கண்டக்டர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங் நர்சம்மா, ஞாயித்துக்கெழமையும் டூட்டிங்களா?"

"இல்லீங்க. பொண்ணுக்கு ஏரியக் காட்டலாம்னு..."

சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சேலத்தில் எங்கள் வீதியில் யாருக்கும் இன்னும் தெரியாது.

ஒன்பது மணிக்கு முன்பே ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கினோம். பனி ஏரியின் மேல் தாழ்ந்து நின்றது. முருகேசன் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி மடிப்புக் கலையாத நீலச் சட்டை, அதன்மேல் பழைய ஸ்வெட்டர். கையில் ஒரு பிளாஸ்க்.

"வாங்க கண்ணு. நொம்பக் குளிருதா? நம்ம தோட்டத்துக் காப்பிங்க. குடிச்சிட்டு அப்புறம் எடுக்கலாம்."

அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் 'ஏனுங்க' என்றொரு சொல் இருப்பது எவ்வளவு வசதி! முறை சொல்லாமலே யாரையும் கூப்பிட்டுவிடலாம்.

படகுத் துறையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீர் இறங்கிப்போன இடத்தில் மணலும் கூழாங்கல்லுமாக ஒரு சின்னக் கரை இருந்தது. பின்னால் சில்வர் ஓக் மரங்கள். அங்கே இருவரையும் உட்காரவைத்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருவதுபோல நிமிர்ந்து, நடுவில் இன்னொரு ஆள் உட்காருமளவு இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் பக்கத்துல வாங்க. கேமராவ மறந்துட்டுப் பேசிட்டிருங்க" என்றேன்.

"என்னங்க பேசறது?" என்று அவர் அம்மாவைக் கேட்டார்.

"செம்மநத்தத்துப் பெரியவருக்குக் காலுப்புண்ணு ஆறிருச்சுங்களா?" என்றாள் அம்மா.

"ஆறிருச்சுங் நர்சம்மா. ஆனா கட்டு மாத்தறதுக்குத்தான் வரமாட்டேங்கறாரு."

எத்தனையோ ஜோடிகளைப் படம் எடுத்திருக்கிறேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து புண்ணுக்குக் கட்டு மாற்றுவதைப் பற்றிப் பேசியவர்கள் இவர்கள்தான். ஆனால் பேசப்பேச இருவருடைய தோள்களும் தளர்ந்தன. அம்மா மணலில் விரலால் ஏதோ கோடு இழுத்தாள். பனி விலகி வெயில் தண்ணீரில் இறங்கியது. நான் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்துபோய் மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்தார். தட்டு நாற்பது ரூபாய். காரம் தாங்காமல் அம்மா கண்ணைத் துடைக்க, அவர் பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினார். அவள் வாங்கும்போது இருவர் விரல்களும் பட்டன. இருவரும் உடனே ஏரியைப் பார்த்தார்கள்.

பதினொன்றரை இருக்கும். சாலையில் ஒரு சுற்றுலா வேன் வந்து நின்றது. பெண்கள் கலகலவென்று இறங்கினார்கள். அம்மாவின் முகம் சட்டென்று வெளிறியது.

"சாந்தாக்கா" என்றாள். "கண்ணு, கேமராவ உள்ள வை."

சாந்தாக்கா சேலத்தில் எங்கள் எதிர்வீடு, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர். அப்பாவின் காரியம் நடந்த அன்று அம்மாவைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போனவர். அவருக்குத் தெரிந்தால் வீதிக்கே தெரியும். எங்களைக் கண்டுகொண்டு, கையை ஆட்டியபடி கரையை நோக்கி இறங்கிவந்துகொண்டிருந்தார்.

முருகேசன் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். குரலில் வருத்தம் எதுவும் இல்லை.

"நான் அந்தக் கடைப் பக்கம் இருக்கறனுங்க. மகளோட ஏரி பாக்க வந்தேன்னு சொல்லிக்குங்க. அதுலென்ன?"

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு நடந்தார். அம்மா அவர் முதுகைப் பார்த்தாள். சாந்தாக்காவைப் பார்த்தாள்.  என்ன செய்வதென்று நான் சொல்லவேண்டிய இடம் இல்லை அது.

"ஏனுங்க!" என்றாள் அம்மா. அவ்வளவு சத்தமாக அவள் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "எங்க போறீங்க? இங்க வாங்க."

அவர் திரும்பிவந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். அதற்குள் சாந்தாக்காவும் வந்துவிட்டார்.

"விஜயா! நீ எங்கடி இங்க? இவரு யாரு?"

"இவரு முருகேசனுங்க்கா. கொட்டச்சேட்டுல எஸ்டேட் ரைட்டரு. எனக்கும் இவருக்கும் தையில கல்யாணம்."

சாந்தாக்கா முருகேசனை ஏற இறங்கப் பார்த்தார். பின்னால் வந்த பெண்களும் நின்றுவிட்டார்கள். முருகேசன் வணக்கம் சொன்னார். யாரும் பதில் வணக்கம் சொல்லவில்லை.

"இவ்வளவு பெரிய பொண்ண வெச்சுக்கிட்டு, இந்த வயசுலயா விஜயா?"

"ஆமாங்க்கா. இந்த வயசுலதான்."

சாந்தாக்கா என் பக்கம் திரும்பினார். "உனக்குச் சம்மதமா கண்ணு?"

"படம் எடுக்கறதே நான்தானுங்க அத்தை" என்றேன்.

"என்னமோ போங்க" என்று சொல்லிவிட்டு அவர் மேலேறிப் போனார். போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மற்ற பெண்களின் முணுமுணுப்பு மரங்களுக்கு அப்பால் தேய்ந்தது.

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து முருகேசன் பதறிக் குனிந்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா. "இதுக்கா இத்தன நாளு பயந்தேன்?"

சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற முருகேசனுக்கும் அது தொற்றிக்கொண்டது. அவளுக்குப் பக்கத்தில், இந்த முறை இடைவெளி விடாமல் உட்கார்ந்து அவரும் சிரித்தார். "விஜயா, போதுமுங்க, புரையேறப்போகுது" என்றார். அப்போதுதான் கேமரா நினைவு வந்தது எனக்கு. எடுத்தேன்.

பிற்பகலில் மூவரும் படகில் ஏறினோம். அவரே துடுப்புப் போட்டார். கிளியூர்ப் பக்கத்து மலைச்சரிவில் காப்பிப் பழங்கள் எப்போது பறிப்புக்கு வரும், இந்த வருடம் மழை எப்படி என்றெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டுவந்தார். நானும் நிறையக் கேட்டேன். அம்மா தண்ணீரில் கையை விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்கு மணி பஸ்ஸுக்கு வந்து வழியனுப்பினார். "அடுத்த தடவ ஊட்டுக்கே வந்துருங்க கண்ணு" என்றார்.

இறங்கும் வழியில் அம்மா கேமராவைக் கேட்டு வாங்கி, அந்தச் சிரிப்புப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இதப் பெருசாப் போட்டுக் கூடத்துல மாட்டணும்."

"எந்தக் கூடத்துல?" என்றேன். யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

 பஸ் இரண்டு வளைவுகள் இறங்கியது. அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ஊட்டுலதான் சாமி."

அடிவாரம் நெருங்க நெருங்கக் குளிர் விட்டுப்போய், சேலத்துப் புழுக்கம் ஜன்னல் வழியாக ஏறியது. பிறந்ததிலிருந்து எனக்கு இது ஊர், மேலே இருப்பது சுற்றிப் பார்க்கும் இடம். தை பிறந்தால் கோயம்புத்தூரிலிருந்து வரும் நான் சேலத்தில் இறங்கி, வேறு பஸ் ஏறி, மலையேறித்தான் அம்மா வீட்டுக்குப் போகவேண்டும். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கியிருந்தாள். சாலைத் தூசி முகத்தில் அடிக்க, அவள் தூக்கம் கலையாமல் ஜன்னல் கண்ணாடியை மெல்ல இழுத்து மூடினேன்.