புல்லட் சத்தமும் வடைத் தட்டும்

ரெட்டிபாளையத்தில் டீக்கடை வைத்திருந்த சாமிதுரைக்குக் காதுதான் கண். சிமெண்டு லாரி வளைவில் திரும்பும் முன்பே, "லேலண்டு வருது, ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு" என்பார். வந்து நிற்பதும் லேலண்டாகவே இருந்து தொலைக்கும். அந்தப் பெருமையில் அவருக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிருந்தது.

இந்த வித்தையால் உருப்படியாகக் கிடைத்த லாபம் ஒன்றுதான். மனைவி சிந்தாமணியின் தம்பி ஜெயசீலன் புல்லட்டில் வந்திறங்கினால் ஓசியிலேயே வடைத் தட்டைக் காலி செய்துவிடுவான். ஆகவே அவனுடைய ஓட்டை சைலன்சர் தூரத்தில் படபடத்ததுமே சாமிதுரை தட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நெற்றியில் ஈரத்துண்டோடு பெஞ்சில் சாய்ந்துவிடுவார்.

அன்றைக்கும் அதே சத்தம் கேட்டது. வடை மறைந்தது, காய்ச்சல் வந்தது. அரைக்கண்ணால் பார்த்தால், புல்லட்டில் இருந்தவன் வேறு யாரோ.

"இது ஜெயசீலன் வண்டியாச்சே?"

"நேத்துதாங்க அவருகிட்ட வாங்கினேன்."

சாமிதுரை துள்ளி எழுந்தார். "பீடை ஒழிஞ்சுது! சிந்தாமணி, தொட்டிக்குப் பின்னாடி இருக்குற வடையை எடு. சாருக்கு ரெண்டு குடு!"

சிந்தாமணி அசையவில்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். புல்லட் இரைச்சலோடு இரைச்சலாக அங்கே ஒரு புது ஹீரோ ஹோண்டா பூனை மாதிரி வந்து நின்றிருந்தது.

ஜெயசீலன் நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய்த் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நீங்க படுங்க மாமா. காய்ச்சலுக்கு எண்ணெப் பண்டம் ஆவாது."