டேப்புக்கு அடியில் நெறிக்கட்டி

கீழ்வீட்டுத் தையல்காரி சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அளவெடுக்கும் டேப்பு வழக்கம்போல் கழுத்தில் தொங்கியது. கால் மிதித்தது, கை துணியைத் தள்ளியது, தலை மட்டும் திரும்பவில்லை. என்னைப் பார்க்க உடம்பையே திருப்பினாள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலேயே நரைத்தவள் நான். டேப்பை விலக்கித் தொட்டேன். இடப்பக்கம் வரிசையாக நெறி கட்டியிருந்தது. தொட்டதும் முகம் சுளித்தாள்; தோல் சுட்டது.

"டேப்பு உரசி உரசித் தடிச்சிருக்கும்மா."

"டேப்பு உரசினா சாயந்திரமானா காய்ச்சல் வருமா?"

அவள் அருகில் நின்ற மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சுவரைப் பார்த்தாள்.

மருமகளுக்கு டிபி என்று மாமியாருக்குச் சந்தேகம். அவளுக்குத் தனி டம்ளர் வைத்துவிட்டாள்; கைக்குழந்தையையும் தன் படுக்கைக்குக் கொண்டுபோய்விட்டாள். பிள்ளையைத் தூக்கவே விடுவதில்லை. தையல்காரியின் கணவனுக்கு என்மேல் சந்தேகம்.

"ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிச்சுக் குடுத்தா உங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"உன்ன மாதிரி ஆளக் கூட்டிட்டுப் போனா ஒரு டீகூடக் கெடைக்காது. சட்டையப் போடு, கெளம்பு."

என் சந்தேகம் புற்றுநோய். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாரையும் சந்தேகமாகவே பார்த்தார். சளியில் டிபி இல்லை. "அத வெச்சு இல்லன்னு சொல்லிட முடியாது. ஒரு கட்டிய எடுத்துப் பாக்கணும்" என்றார். எடுத்தார்கள். கிகுச்சி நோய் என்று முடிவு வந்தது. அபூர்வமானது, பெரும்பாலும் இளவயதில் வரும், கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும், சில மாதங்களில் தானே அடங்கும். ஒட்டாது. பின்னால் வேறு கோளாறு தலைகாட்டலாம், அதனால் அவ்வப்போது வந்து காட்டச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தானா வந்து தானா போறதுக்கு எதுக்கு இப்படி ஒரு பேரு? என்னமோ மறைக்கிறீங்க." அன்றும் குழந்தை அவள் படுக்கையில்தான்.

மறுநாள் காலை தையல்காரியின் கழுத்தில் கட்டி எடுத்த இடத்துக் கட்டை மாற்றப் போனேன். மாமியார் டீ ஊற்ற வந்தாள். ஓரமாக இருந்த தனி டம்ளரை எடுத்து நீட்டினேன்.

"அது அவளுது."

"தெரியும். ஊத்துங்க."

நான் குடித்து முடிக்கும்வரை மாமியார் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு டம்ளரை வாங்கி, மற்றவற்றோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். குழந்தையைத் தூக்கிவந்து மருமகள் மடியில் வைத்தாள்.

"அம்மா கழுத்தப் புடிச்சு இழுக்காதடி" என்று குழந்தையிடம்தான் சொன்னாள்.

நான் தையல்காரியின் கழுத்திலிருந்து டேப்பை எடுத்து ஆணியில் மாட்டினேன்.