வாசல் பக்கம் ஓடிய ஆறு

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களில் பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் வீடு வாங்கினோம். சோபா, திரைச்சீலை, சாமியறைச் சுவரின் நிறம் எல்லாமே மச்சாளின் தெரிவு. மச்சாள் என் கணவரின் மூத்த அக்கா, எங்களை ஸ்பொன்சர் செய்து இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர். அவருக்கு மறுபேச்சுப் பேசும் பழக்கம் என் கணவருக்கு இல்லை.

நான் தெரிவுசெய்தது ஒன்றே ஒன்று. அடுத்த தெருவில் ஒரு பிரெஞ்சுக்காரி கராஜ் வாசலில் பழைய சாமான் விற்றபோது வாங்கிய படம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ வரைந்த இத்தாலியின் வெரோனா நகரம், அச்சுப் பிரதி. நடுவில் ஆறு, கல்பாலம், கரையோரம் நெருக்கியடித்த வீடுகள், ஒரு வள்ளம். மனிதர்கள் கடுகளவு. அவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. முன்கூடத்தில் மாட்டினேன்.

அந்தப் பனிக்காலம் கணவர் வேலை செய்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது, அவருக்கும் வேலை போனது. செய்தி கேட்டு வந்த மச்சாள், வாசலை நோக்கியிருந்த வள்ளத்தின் மூக்கைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"ஆறு வாசல் பக்கம் ஓடுது பிள்ளை. பேந்து எப்பிடி வீட்டில காசுபணம் தங்கும்?"

வேலை போன மற்றவர்களின் வீடுகளிலும் வெரோனா தொங்குகிறதா என்று கேட்க வாய் உன்னியது. தேத்தண்ணி போடப் போனேன். கணவர் சுத்தியலோடு வந்து படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். அங்கே ஆறு அடுப்படிக்குள் பாய்ந்தது, அடுப்பை அணைத்துவிடுமாம். படிக்கட்டில் மாட்டினால் நிலவறைக்குள் விழுந்தது. சாமியறைப் பக்கம் கொண்டுபோனால் பாலத்துக்குப் பின்னால் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. பிள்ளையாருக்கு எதிரே அது சரிவராது. சுவரெல்லாம் ஓட்டை. இத்தாலிக்காரர் அந்த ஆற்றை வைத்துக்கொண்டு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ தெரியவில்லை.

"பேசாமல் குப்பையில போடு தம்பி," என்றார் மச்சாள்.

கணவர் படத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் சட்டத்தில் படிந்த தூசியை விரலால் துடைத்தேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அவர் போய் அதைப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"அது ஓடாது அக்கா. அது படம். இவ ஆசைப்பட்டு வாங்கினது, இஞ்சயே கிடக்கட்டும்."

மச்சாள் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார்.

கோடை வரும்வரை கணவருக்கு வேலை கிடைக்கவில்லை. மச்சாள் அதன் காரணத்தைச் சொந்தக்காரர் எல்லோருக்கும் தொலைபேசியில் விளக்கினார். நாங்கள் இருவரும் காலையில் அவசரமில்லாமல் அந்தப் படத்துக்கு முன்னால் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். கலியாணம் செய்த நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.