செருப்போடு வரச்சொன்ன வீடு

மாவு வாங்க வந்தவர்தான் செய்தி சொன்னார். "தங்கச்சிமடத்து மோட்டார் சூசை போயிட்டாராம். தூக்கத்துலயே." அப்போது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மோட்டாரே சூசையண்ணன் தேடித் தந்ததுதான். பாதி அரைபட்ட மாவை அப்படியே விட்டு, சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அண்ணனை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டுச் சட்டமும் தெரியும். ஊரெல்லாம் செருப்பை வாசலில் கழற்றுவோம். அங்கே வெறுங்காலோடு நுழைந்தால் ஏச்சு விழும். பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி வந்த மோட்டார்களை நடுவீட்டில் வைத்துத்தான் சோதிப்பார். வீடு மந்திரிக்க வந்த மாதா கோயில் சாமியாரையே வாசலுக்குத் திருப்பி அனுப்பினார். "செருப்பப் போட்டுக்கிட்டு மந்திரிங்க சாமி. கரண்டுக்கு ஆளு யாருன்னு தெரியாது." சாமியாரும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

நான் அக்காள்மடத்தில் இட்லி மாவு விற்பவள். முதன்முதலாக ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் கிடைத்த நேரம் பார்த்து என் மோட்டார் புகைந்துபோனது. மறுநாளே மாவு கொடுத்தாக வேண்டும். அண்ணனிடம் ஓடினேன்.

ஏதோ லாட்ஜில் கழற்றிப் போட்ட மோட்டார் ஒன்றை எடுத்து வைத்தார். பெயர்த் தகட்டை உப்புக்காற்று தின்றிருந்தது. மூன்று ஒயர்களும் ஒரே அழுக்கு நிறம். மீட்டரால் இரண்டிரண்டாக அளந்து, சாக்பீஸால் தரையில் எழுதினார். "இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அதிகமாக் காட்டுது. அப்ப மிச்சம் இருக்கிறதுதான் பொது ஒயரு." மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சரை மாட்டி, முதலில் பழுதைக் காட்டிக்கொடுக்கும் குண்டு பல்பு வழியாகவும் பிறகு நேரடியாகவும் கரண்டு கொடுத்தார். மோட்டார் சுற்றியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் டெஸ்டரை மோட்டாரின் உடம்பில் வைத்தார். மங்கலாகச் சிவந்தது.

"உள்ள உப்பு ஈரம் இருக்கு. கரண்டு வெளிய கசியுது. ஆகாது" என்றார்.

"அதான் ஓடுதுல்ல, குடுங்கண்ணே!"

"ஓடுனாப் போதுமா? ஈரக்கையோட மாவு தள்ளுறவ நீ."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "உங்கள நம்பி வந்தேன் பாருங்க, என்னையச் சொல்லணும்!" என்று கத்திவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "திட்டு. உசுரோட இருந்து திட்டு" என்றவர், மனைவியைக் கூப்பிட்டார். "ஜெபமால, நம்ம கிரைண்டரக் கழுவு."

கல்யாண மாவு முழுவதும் அந்த வீட்டுச் சின்னக் கிரைண்டரில்தான் அரைபட்டது. ஈடு ஈடாக, பகல் முழுக்க. செருப்புக் காலோடு நின்று அண்ணனே மாவு தள்ளினார். என்னைவிட நன்றாகவே தள்ளினார், என்ன செய்ய!

உப்புப் போக மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசி, ஒரு வாரம் வெயிலில் போட்டார். டெஸ்டர் சிவக்காமல் இருந்த அன்றுதான் அதன்மேல் 'ஆகும்' என்று சாக்பீஸால் எழுதித் தந்தார்.

சாவுச் செய்தி கேட்டு நான் போனபோது அவர் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. நானும் கழற்றினேன். உள்ளிருந்து ஜெபமாலையக்காவின் குரல் வந்தது. "போட்டுக்கிட்டு வா செல்வி. அவரு ஏசுவாரு." அழுதுகொண்டிருந்த எல்லோரும் சிரித்துவிட்டோம்.

வீடு திரும்பியபோது பாதி அரைபட்ட மாவு அப்படியே கிடந்தது. சாக்பீஸ் எழுத்து என்றோ அழிந்துவிட்டது; அவர் போட்ட சட்டம் என்னிடம் இருக்கிறது. கையைத் துடைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு சுவிட்சைத் தட்டினேன்.

உயிரோடுதான் இருக்கிறேன் அண்ணே. திட்டுவதற்குத்தான் நீங்கள் இல்லை.