கழற்றாத பல்செட்

அபூர்வமாக ஒருநாள் பல்செட்டைக் கழற்றியபோது மேல் அண்ணத்தில் வெள்ளைத் திட்டைக் கண்டதும் புற்றுநோய்தான் என்று முடிவுகட்டி, திண்டிவனம் வீட்டுச் சுவரில் என் படத்துக்கு இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

"பேஜாரு பண்ணாம டாக்டராண்ட போங்க" என்றாள் மனைவி. டாக்டர் நாள் குறித்துவிடுவாரோ என்ற பயத்தில், நாட்டு மருந்துக் கடையில் திரிபலா வாங்கிக் கஷாயம் வைத்து வேளாவேளைக்குக் கொப்பளித்தேன். திட்டு பரவியது. மனைவி என்னை விழுப்புரத்துக்கு இழுத்துப் போனாள்.

"பல்செட்டைக் கழட்டிட்டுத்தானே கொப்பளிச்சீங்க?" என்றார் பல் டாக்டரம்மா.

"இல்லீங்க, மாட்டிக்கினுதான்."

"தூங்கும்போது?"

"கழட்டினா இவ சிரிப்பாளுங்க."

மனைவி அங்கேயே சிரித்தாள். "கழட்டலன்னா மட்டும் இவரு பெரிய மாப்பிள்ளையா?"

இப்போது தினமும் பல்செட்டைத் தேய்த்துக் கழுவி, இரவில் தண்ணீரில் போடுகிறேன். எனக்கு வந்தது, கஷாயம் எட்டாமல் பல்செட்டுக்கு அடியில் வளர்ந்த பூஞ்சை. டாக்டர் தந்த மருந்தில் போய்விட்டது.