புளி போட்டுத் தேய்த்த வாள்

ஈரப் புளி இரும்பில் படும்போது ஒரு வாடை எழும். எங்கே அது மூக்கில் ஏறினாலும் அவன் கண்கள் முன்னால் வந்து நிற்கும். அந்தக் கண்கள் மேல்தான் எனக்கு அத்தனை வயிற்றெரிச்சல்.

எழுபதுகளில், திருவள்ளூரில் ஒரு லேத் பட்டறையில் நானும் அவனும் அருகருகே நின்று வேலை பார்த்தோம். இருவருக்கும் பழைய வாள் பைத்தியம். ஞாயிறானால் கும்மிடிப்பூண்டி பழைய இரும்புக் கடைகளைக் கிளறுவோம். நான் கிளறினால் துரு. அவன் கிளறினால் வாள்.

அன்றும் அப்படித்தான். நான் வேண்டாமென்று தள்ளிய குவியலிலிருந்தே ஒன்றை உருவினான்.

"நாடகக்காரன் வாளுபா அது," என்றேன்.

"கண்ணத் தொறந்து பாருபா. புடியில சுத்திக்கிறது மீன் தோலு. சோல்ஜருக்கு எவன் மீன் தோலு போட்டுக் குடுப்பான்? வெள்ளக்கார ஆபீசரு வாளு."

அலகை வெயிலில் சாய்த்தான். பாதி தேய்ந்த கொடி வேலைப்பாடு, ஒரு கிரீடம், அதன்கீழே மயிரிழையாய் இரண்டு எழுத்துகள்.

"வச்சிருந்தவன் பேரோட முதலெழுத்து. இந்த எழுத்து இருக்கற வரைக்கும் ஒருத்தனும் போலின்னு சொல்ல முடியாது."

மதராசில் வாள் சேகரிக்கும் ஒருவரிடம் காட்டப் போவதாகச் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. அவன் ஆர்.கே.பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும்.

"நம்ம டூல்ஸோட இதையும் பூஜைல வச்சிரு. தேய்ச்சி கீய்ச்சி வைக்காத, இன்னா?"

தலையாட்டினேன்.

பட்டறையில் அன்று ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பது வழக்கம். அழுக்கோடு எதையும் சாமி முன் வைக்க மாட்டோம். அந்த வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன். தேய்த்தேன். கொடி மங்கியது, அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கிரீடம் போயிற்று. எழுத்துகள் மேல் இன்னும் கொஞ்சம் பொடி தூவினேன். பளபளவென்று மின்னிய வாளுக்குச் சந்தனம், குங்குமம் இட்டுக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் வந்தவன் வாளை ஜன்னலோரம் கொண்டுபோனான். இப்படிச் சாய்த்தான், அப்படிச் சாய்த்தான். விரல் நுனியால் தடவித் தடவித் தேடினான்.

"சாமிக்கு வைக்கிறது... அழுக்கா எப்டிபா..." என்று இழுத்தேன்.

வாளைச் சாக்கில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வேலையையும் அன்றே விட்டான். பட்டறை வாசலில் திரும்பி நின்று அவன் கேட்டதுதான் எங்களுக்குள் கடைசிப் பேச்சு.

"உன் வாளா இருந்தா இப்டித் தேய்ச்சிருப்பியாபா?"